தேவசித்தம் எங்கே என்று தேடுகிறவருக்கு: பிறருக்காக வாழப் பழகும் முழுமையான வழிகாட்டி

"தேவன் என்னை எதற்காகப் படைத்தார்?" சபையில் வாலிபரோடு பழகுகிற எவரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. வாலிபர் மட்டுமா? பணி ஓய்வு பெற்ற மறுமாதமே இதே கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனபின் வெறிச்சோடிய வீட்டில் உட்கார்ந்து கேட்கிற தாய்மார்களும் உண்டு. பதிலாக ஒரு சொப்பனம் வரும், யாராவது தீர்க்கதரிசனம் சொல்வார்கள், அல்லது வேதத்தைத் திறந்ததும் ஒரு வசனம் கண்ணில் படும் என்று காத்திருக்கிறார்கள்.

அப்படிக் காத்திருப்பவர்கள் பிடித்துக்கொள்கிற வசனம் ஒன்று இருக்கிறது: எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று கர்த்தர் சொல்லும் இடம். நல்ல வசனம்தான். ஆனால் அதைத் தனியே கத்தரித்து எடுத்துவிட்டோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். ஒரு வசனம் முன்னால், 10ஆம் வசனத்தில், எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதை முதன்முதலில் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்த எழுபது வருஷமும் என்ன செய்ய வேண்டும்? அதற்கும் அதே கடிதத்தில் பதில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் (29:5-7). எதிரியின் ஊருக்கு நல்லது செய்துகொண்டிருங்கள் என்கிறார்.

கீழே வரும் படிகளை நான் அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன். முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு நன்மை, அதற்குப் பிறகு அழைப்பு. பலர் இதைத் தலைகீழாக முயன்று ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள். நானும் நின்றேன்.

படி 1: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

லூக்கா 10இல் ஒரு நியாயசாஸ்திரி இயேசுவிடம் "எனக்குப் பிறன் யார்" என்று கேட்கிறான். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை இரண்டு பேர் கண்டும் விலகிப் போக, மூன்றாவதாக வந்த சமாரியன் நின்று உதவிய கதையை இயேசு சொல்கிறார். சொல்லி முடித்தபின் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை. அவர் வேறொரு கேள்வி கேட்கிறார்: இந்த மூன்று பேரில் எவன் கள்ளர் கையில் அகப்பட்டவனுக்குப் பிறனாயிருந்தான்? பட்டியல் கேட்டவனிடம், "நீ யாருக்குப் பிறனாக இருக்கிறாய்" என்று திருப்பிவிட்டார்.

"என் வாழ்க்கையின் நோக்கம் என்ன" என்பதையும் அப்படியே திருப்பலாம். "இன்று என் வழியில் கிடப்பவர் யார்?" முதல் கேள்விக்கு ஒரு இரவு முழுக்க ஜெபித்தும் பதில் வராமல் போகலாம். இரண்டாவதற்குச் சாயங்காலத்துக்குள் பதில் கிடைத்துவிடும். அதனால்தான் பலருக்கு இரண்டாவது கேள்வி பிடிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சமாரியன் உதவி செய்யக் கிளம்பியவன் இல்லை. வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்தான். பயணத்தை ஒரு நாள் நிறுத்தினான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். இந்தக் கடைசிப் பகுதியை ஏழாம் படிக்காக நினைவில் வையுங்கள்.

படி 2: ஏழு நாள் குறிப்பு எழுதுங்கள்

ஒரு சிறிய நோட்டு போதும். ஒவ்வொரு இரவும் மூன்றே வரி. இன்று யார் என்னிடம் எதையாவது கேட்டார்கள்? யாருடைய கஷ்டம் கேட்காமலே என் கண்ணில் பட்டது? எங்கே நான் கண்டும் காணாததுபோல் ஒதுங்கிப் போனேன்?

மூன்றாவது வரிதான் முக்கியம், அதுதான் கூச்சமாகவும் இருக்கும். "செவ்வாய்: பக்கத்து மேசைக்காரர் இரண்டாவது நாளாகச் சாப்பிட எழுந்து போகவில்லை. பார்த்தேன். கேட்கவில்லை." இப்படி அப்பட்டமாக எழுதுங்கள். "நான் அன்பில் குறைவுபட்டேன்" என்று ஜெபக்கூட்டப் பாணியில் எழுதினால் பிரயோஜனமில்லை, அதில் முகமே இருக்காது.

ஏழு நாள் முடிவில் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவை தற்செயலா, தேவ ஏற்பாடா என்று இப்போது ஆராய வேண்டாம். பெயர்களை வட்டமிட்டு வையுங்கள். எழுதுவதை இதோடு நிறுத்த வேண்டாம், ஒன்பதாம் படிக்கு அது தேவைப்படும்.

நீங்கள் படுக்கையில் இருக்கிற அம்மாவையோ, தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளையையோ இரவும் பகலும் கவனிக்கிறவரானால், இந்த நோட்டெல்லாம் வேண்டாம். உங்களுக்கு வேறொரு ஊழியம் தேட அவசியமில்லை. நேரே ஏழாம் படிக்குப் போங்கள்.

படி 3: ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள்

இங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது இங்கேதான்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. தனியாக இருக்கிறார். மனதில் பாரம் வந்து வாரம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போக ஆரம்பித்தேன். போனவுடன் வேதத்தைத் திறப்பேன், ஒரு சங்கீதம் வாசிப்பேன், பத்து நிமிஷம் ஜெபம் செய்வேன். அவரும் ஆமென் சொல்வார். கிளம்பிவிடுவேன். நல்ல ஊழியம் செய்த திருப்தியோடு வீடு வருவேன். ஐந்து மாதம் இப்படியே போனது.

ஒருநாள் அவர் வேதத்தில் ஒரு வரியை விரலால் காட்டியபோது நகம் பக்கத்தில் உரசிச் சத்தம் வந்தது. பார்த்தேன். வலது கையின் ஐந்து நகமும் நீண்டு, ஓரத்தில் வளைந்து, ஒன்று பாதியில் உடைந்திருந்தது. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தால் நகமெல்லாம் ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தது. விளங்க ஒரு நிமிஷம் ஆனது. நன்றாக இருக்கும் வலது கையால், விழுந்துபோன இடது கையின் நகத்தை அவரே வெட்டிக்கொள்கிறார். வலது கை நகத்தை வெட்டுவதற்கு இன்னொரு கை இல்லை.

"ஐயா, நான் உங்களுக்கு என்ன செய்யட்டும்?" என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு, "தம்பி, தப்பா நினைக்கலைன்னா... இந்த நகத்தை வெட்டிவிடுவியா?" என்றார். அலமாரியில் நகவெட்டி இருந்தது. வெந்நீரில் ஐந்து நிமிஷம் கையை ஊற வைத்து வெட்டினேன். அன்று சங்கீதத்தை அவர் சொன்னார், நான் கேட்டேன்.

ஐந்து மாதம் நான் அவருக்குக் கொடுத்தது எனக்குக் கொடுக்கப் பிடித்தது. பர்திமேயு குருடன் என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார் (மாற்கு 10:51). அதே அதிகாரத்தில் ஆறு வசனம் முன்னால்தான், தாம் ஊழியங்கொள்ளும்படி வரவில்லை, ஊழியஞ்செய்யவே வந்ததாகச் சொல்லியிருந்தார்.

செய்முறை இதுதான். வட்டமிட்ட பெயர்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். நேரில் போங்கள். முதல் தடவை எதையும் கொண்டுபோகாதீர்கள், அறிவுரையையும்தான். கேளுங்கள். "ஒண்ணும் வேணாம்" என்பார்கள். முதல் பதில் அநேகமாக அதுதான். வற்புறுத்த வேண்டாம். அடுத்த வாரம் மறுபடியும் போய் மறுபடியும் கேளுங்கள். சின்ன விஷயங்களைக் கேட்கத்தான் மனிதர்கள் அதிகம் கூச்சப்படுவார்கள்.

படி 4: கையில் இருப்பதை எடுங்கள்

"என்னிடம் தாலந்து இல்லை" என்பது பழைய சாக்கு. மோசேயே சொல்லிப் பார்த்தார். கர்த்தர் கேட்டது அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் (யாத்திராகமம் 4:2). ஒரு கோல் இருந்தது. யோப்பாவில் தொற்காள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளும் வஸ்திரங்களும் (அப்போஸ்தலர் 9:39). ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள், பவுலைத் தங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள்.

விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியுமா? கணக்குச் சொல்லிக் கொடுக்க வருமா? வண்டி ஓட்டுவீர்களா? குறுக்கே பேசாமல் அரை மணி நேரம் கேட்க முடியுமா? இந்தக் கடைசித் திறமையைச் சபைகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் அனுபவத்தில் அதற்குத்தான் ஆள் தட்டுப்பாடு.

படி 5: வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுங்கள்

நேரம் இருந்தால் உதவுவேன் என்கிறவருக்கு நேரம் இருப்பதில்லை. மோசேயின் பிரமாணம் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்கிறது (லேவியராகமம் 19:9-10). அறுத்து முடித்து மீந்ததைக் கொடு என்று சொல்லவில்லை. அறுக்கிறபோதே விட்டுவிடு என்கிறது.

அப்படி விடப்பட்ட ஓரத்தில் கதிர் பொறுக்க வந்தவள்தான் மோவாபியப் பெண் ரூத். அவள் போவாசின் வயலுக்கு வந்தாள், ஓபேத் பிறந்தான், அவன் பேரன் தாவீது. மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போது ரூத்தின் பெயரை விடாமல் எழுதுகிறார் (1:5). கதிரை விட்டுப்போன அறுவடைக்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் ஓரத்தை விட்டார்கள், அவ்வளவே.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் இரண்டு மணி நேரத்தை வாரம் தொடங்கும்போதே ஒதுக்குங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். பணத்துக்கும் அதே முறைதான். வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினது ஏழைகளுக்கான சகாயத்துக்காக (1 கொரிந்தியர் 16:2). சம்பளம் வந்த அன்றைக்கே தனி உறையில் அல்லது தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், பரவாயில்லை. மாதக் கடைசியில் யாராவது கேட்கும்போது "இருக்கிறதா" என்று யோசிக்க வேண்டியிராது, அது ஏற்கனவே உங்களுடையது இல்லை.

படி 6: மாதம் ஒன்றாவது யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள்

"உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" (மத்தேயு 6:3). எல்லோருக்கும் மனப்பாடம். பிறகு உதவி வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்க, நாம் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. "மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்றுதான்" என்போம். சில நேரம் உண்மையாகவே ஊக்கமாக இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பவரிடம் ஒப்புதல் கேட்டோமா? அவருடைய பிள்ளையின் நண்பர்கள் அதைப் பார்ப்பார்களே.

நான் வைத்திருக்கிற விதி எளிது: உதவி பெறுகிறவரின் முகம் எந்தப் படத்திலும் வராது. அதோடு, மாதத்துக்கு ஒரு காரியம் மனைவிக்கோ கணவனுக்கோ, போதகருக்கோகூடத் தெரியக் கூடாது. செய்து பாருங்கள். இரண்டாம் நாளே யாரிடமாவது சொல்லிவிட நாக்கு துடிக்கும். சாட்சி சொல்லும் நேரத்தில் இன்னும் அதிகமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கவனிப்பதே பாதிப் பயிற்சி.

படி 7: பாரம் எது, சுமை எது என்று பிரியுங்கள்

தன்னலமின்மை என்ற பெயரில் நொறுங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சற்று நிதானமாக வாசியுங்கள்.

கலாத்தியர் 6:2 "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. மூன்று வசனம் தள்ளி 6:5, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் "பாரம்" என்றே இருப்பதால் முரண்போலத் தெரியும். கிரேக்க மூலத்தில் இரண்டும் வேறு சொற்கள். முதலாவது "பாரோஸ்", ஒருவரை நசுக்குகிற கனம். இரண்டாவது "ஃபோர்டியன்", அவரவர் தூக்கிப் போகிற மூட்டை. நோய், இழப்பு, திடீர்க் கடன் எல்லாம் முதல் வகை, கூடச் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் தன் வேலைக்குத் தானே நேரத்துக்குப் போவது, தன் கோபத்துக்குத் தானே மன்னிப்புக் கேட்பது இரண்டாம் வகை. அதை நீங்கள் தூக்கினால் அவருக்கு நன்மை செய்ததாகாது.

சமாரியன் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான் அல்லவா? நீங்களும் ஒப்படைக்கலாம். காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொல்லிப் பொறுப்பைப் பகிரச் செய்தவர் மாமனார் எத்திரோ (யாத்திராகமம் 18). சூரைச்செடியின் கீழ் "போதும்" என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும், பிறகு மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்சு அதற்கப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). நோயாளியைக் கவனிக்கிறவர்களே, நான் ஏழாம் படிக்கு வரச் சொன்னது இதற்காகத்தான். வாரத்தில் ஒரு பொழுதை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள். குற்ற உணர்வு வந்தால் வரட்டும்.

இன்னொன்றையும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அடி உதை வாங்கிக்கொண்டிருப்பவரிடம் "சிலுவையைச் சுமந்துகொள்" என்று சொல்வது உபதேசம் ஆகாது. இயேசு தம் ஜீவனைத் தாமாகவே கொடுத்தார், ஒருவனும் அதைத் தம்மிடமிருந்து எடுக்கவில்லை என்று அவரே சொன்னார் (யோவான் 10:18). பிடுங்கப்படுவது வேறு. அப்படிப்பட்டவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், சட்டத்தின் உதவியை நாட வேண்டும். அதுபோல, வீட்டில் பெண்களுக்கு மட்டும் தியாகத்தைப் பிரசங்கித்துவிட்டு ஆண்கள் சபைக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பதை நான் தாழ்மை என்று எண்ணவில்லை.

கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாததும் ஒருவகைப் பெருமைதான். இயேசு சீஷருடைய கால்களைக் கழுவ வந்தபோது, "நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்றான் பேதுரு. இயேசு அதை ஏற்கவில்லை. உங்களுக்கும் யாராவது ஏதாவது செய்ய வந்தால் விடுங்கள், செய்யட்டும்.

படி 8: நன்றி வராத நாட்களுக்குத் தயாராகுங்கள்

இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. அந்தச் சம்பவம் லூக்கா 17இல் எதற்கு அடுத்து வருகிறது என்று பாருங்கள். "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்" என்று சொல்லச் சொன்ன 10ஆம் வசனத்துக்கு அடுத்த பத்தி அது. ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், உண்மைதான். அவர்கள் பெற்ற சுகத்தை ஒருவரிடமிருந்தும் திரும்ப வாங்கவில்லை.

மூன்றாவது நாலாவது மாதத்தில் ஒரு வறட்சி வரும். உதவி பெற்றவர் குறை சொல்வார், அல்லது கண்டுகொள்ளாமல் போவார். சபையிலேயே "இவருக்கு வேற வேலை இல்லை" என்பார்கள். அந்த வாரம் புதிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். குறித்த நாளில், குறித்த மணிக்கு, குறித்த இடத்துக்குப் போங்கள். ஜெபம் வராவிட்டால் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 9: மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்

இப்போது அந்த முதல் கேள்வியை எடுக்கலாம். அந்தியோகியா சபையில் பர்னபாவையும் சவுலையும் (பவுல்தான் அவர்) ஊழியத்துக்காகப் பிரித்துவிடுங்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொன்னது அப்போஸ்தலர் 13இல். அதற்கு முன் 11ஆம் அதிகாரத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அந்தச் சபையில் ஒரு வருஷம் உபதேசித்தார்கள். பஞ்சகாலத்தில் யூதேயாவிலிருந்த சகோதரருக்கான உதவியைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏற்கனவே வேலையில் இருந்தவர்களுக்கு அழைப்பு வந்தது.

பெல்ஜியம் நாட்டு தமியான் அடிகளாரின் கதையும் இதே மாதிரிதான். ஹவாய்த் தீவுகளுக்குப் போக வேண்டியிருந்தவர் அவருடைய அண்ணன். அண்ணன் நோயில் விழவே, தம்பி அந்த இடத்தைக் கேட்டு வாங்கி 1864இல் அங்கே போய்ச் சேர்ந்தார். மோலோக்காய் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளிடம் அவர் போனது அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1873இல். பல குருமார் முறைவைத்துப் போவது என்றுதான் ஏற்பாடு. முதலில் போன தமியான் திரும்பவில்லை. புண்களுக்குக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். அதே நோயால் 1889இல் 49 வயதில் இறந்தார். அண்ணனுக்குப் பதிலாகக் கப்பல் ஏறிய நாளில் மோலோக்காய் அவர் மனதில் இருந்திருக்க வழியில்லை.

உங்கள் நோட்டை எடுத்து மூன்று மாதப் பக்கங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். எந்த வேலைக்குப் போகும்போது களைத்தும் சலிக்காமல் திரும்பினீர்கள்? யாருடைய கஷ்டம் உங்களைத் தூங்கவிடவில்லை? மற்றவர்கள் எந்த விஷயத்துக்கு உங்களைத் தேடி வர ஆரம்பித்திருக்கிறார்கள்? மூன்று பதிலும் ஒரே திசையைக் காட்டினால் அதை எழுதுங்கள். பிறகு உங்களை நன்கு அறிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள், அதில் ஒருவராவது உங்களை எதிர்த்துப் பேசத் தயங்காதவராக இருக்கட்டும். வேலையை விடுவது, முழுநேர ஊழியத்துக்குப் போவது போன்ற பெரிய முடிவுகளை இதற்குப் பிறகு பேசலாம். பெரும்பாலோருக்கு அந்தத் தேவை வராது. அதே வேலையில், அதே வீட்டில், வேறொரு மனிதராக இருப்பார்கள்.

ஒன்றும் தெளிவாகவில்லையா? வட்டமிட்ட அடுத்த பெயரை எடுத்து, மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பெரியவருக்கு நான் இன்னும் பத்து நாளைக்கு ஒருமுறை நகம் வெட்டுகிறேன். நகவெட்டி இப்போது என் பையிலேயே இருக்கிறது. அவரிடம் ஒரு ஜெபக் குறிப்பு நோட்டு உண்டு, வலது கையால் கோணல்மாணலாக எழுதிய பெயர்கள். போன தடவை மூன்றாவது விரலுக்கு வரும்போது அந்த நோட்டைத் தள்ளி ஒரு பெயரைக் காட்டினார். எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர்.

"இவருக்கும் கை வராது தம்பி. போய்க் கேட்டுப் பாரு."